தாழ்ப்பாள் துப்பாக்கி

"துப்பாக்கிக் கட்டுரையா? இது நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் சகோதரிகள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். நான் தையல் மெஷினிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

ஸ்வீடன் தேசத்தில் வெட்டர்ன் என்று ஒரு பெரிய ஏரி. அதன் தென்கோடியில் ஓர் அருவி. அந்த அருவியின் பக்கத்தில் பழைய காலத்தில் ஒரு கோட்டையும், கோட்டைக்கு மாவு அரைக்க ஒரு நீர் இயந்திரமும் இருந்தன. 'கோட்டை வீட்டு மாவு மில்' என்ற பொருளில் அந்த ஊருக்கே ஹஸ்க்வர்னா என்று பெயர் வந்துவிட்டது. 1689-ல் அந்த அருவியின் வேகத்தை நம்பி அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றை அங்கே ஏற்படுத்தினார்கள். இருநூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே துப்பாக்கிதான் பிரதானம். பிறகு சண்டை குறைந்தது. ராணுவ ஆர்டரும் குறைந்தது. இரும்பைக் கடையவும் துளைக்கவும் தெரிந்த கைகளும் யந்திரங்களும் சும்மா இருக்க முடியுமா? 1872-ல் அதே ஆலையிலிருந்து தையல் மெஷின் வெளிவந்தது. பின்னால் அடுப்பு, இரும்பு வாணலி, இறைச்சி அரைக்கும் கருவி, 1896-ல் சைக்கிள், 1903-ல் மோட்டார் சைக்கிள். இன்றைக்கும் அந்தக் கம்பெனியின் முத்திரையைக் கூர்ந்து பார்த்தால், கிரீடம் போலத் தெரிவது உண்மையில் துப்பாக்கி முனையிலிருந்து பார்க்கிறபோது தெரியும் குறிமுள்தான். துப்பாக்கி செய்வதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். முத்திரையை விடவில்லை.

இது அந்த ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ரெமிங்டன் கம்பெனி துப்பாக்கியோடு தையல் மெஷினும் டைப்ரைட்டரும் செய்தது. நம் தெருவில் பிள்ளைகள் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயரை விரித்தால் 'பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்' என்று வரும். 1955-ல் சென்னையில் ஆரம்பித்துத் திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளுக்கும் ஓர் இங்கிலீஷ் துப்பாக்கி ஆலையின் ஊர்ப் பெயர்தான். ஊசியும் தோட்டாவும் ஒரே பட்டறையில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் மிகையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய இராமநாதபுரம் ஜில்லா மிகப் பெரியது. 1985-ல்தான் அது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. இந்தச் சீமையின் பெரிய வீடுகளிலும், செட்டிநாட்டு மாளிகைகளிலும், தோட்டம் துரவு வைத்திருந்த குடும்பங்களிலும் வேட்டைத் துப்பாக்கி ஒரு காலத்தில் இருந்தது. தாத்தா காலமாகிவிட்டார். அப்பாவுக்கு அதில் நாட்டமில்லை. ஒருநாள் பீரோவைக் காலி செய்கிறபோது, பழைய வேட்டியில் சுற்றி, எண்ணெய் வாசனையோடு, நீளமாக ஒன்று கிடைக்கிறது. கண்டெடுக்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிதான். பீரோவைத் துடைப்பது வேறு யார்? அது என்ன வஸ்து, அதன் தலையில் இருக்கும் குழாய் எதற்கு, இனி அதை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அசிரத்தையாக இருந்தால் ஜெயில் வரைக்கும் போகக்கூடிய சமாசாரம் இது.

தாழ்ப்பாளும் பம்பரமும்

வேட்டை ரைபிளில் உள்ள சூட்சுமம் நம் வீட்டுக் கதவில் இருக்கிறது. கதவுத் தாழ்ப்பாளை எப்படிப் போடுகிறோம்? குமிழைப் பிடித்துத் தள்ளி, கீழே மடக்குகிறோம். தாழ் சுவரின் துளைக்குள் புகுந்து நின்றுகொள்கிறது. இந்த ரைபிளிலும் அதேதான். பின்பக்கம் ஓர் எஃகுத் தாழ். அதற்கு ஒரு கைப்பிடி. தூக்கிப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் கீழே அடுக்கியிருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியை மடக்கினால் தாழின் முகப்பில் உள்ள இரண்டு எஃகுக் காதுகள் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். வெடிக்கிறபோது பின்னோக்கி வரும் பயங்கரமான அழுத்தத்தை அந்தக் காதுகள்தான் தாங்க வேண்டும். ஆகவே அந்த எஃகு எப்பேர்ப்பட்டது என்பதில்தான் சுடுகிறவனின் கண்ணும் கன்னமும் இருக்கின்றன.

இந்த அமைப்பைப் பக்குவப்படுத்தியவர் ஜெர்மனியைச் சேர்ந்த மௌசர். ஸ்வீடன் அரசாங்கம் 1890-களில் அவருடைய துப்பாக்கியைத் தங்கள் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது; ஆனால் எஃகு மட்டும் எங்கள் எஃகாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது. 1896-ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர் பெற்ற அந்த ரைபிள் பிறகு ஸ்வீடனிலேயே தயாராயிற்று. அதன் தோட்டா ஆறரை மில்லிமீட்டர் குறுக்களவு. மெலிந்தது, நீளமானது, உதைப்பு குறைந்தது. அந்த நாட்டில் குதிரையைவிட உயரமான எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட இந்தத் தோட்டாவை இன்றும் நம்புகிறார்கள். ராணுவ ரைபிளின் அதே தாழைக் கொண்டு, மரக்கட்டையை மட்டும் செதுக்கி அழகு பண்ணி, ஹஸ்க்வர்னா ஆலை வேட்டை ரைபிள்களைச் செய்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இவை உலகெங்கும் போயின.

குழலுக்குள் எட்டிப் பார்த்தால் (தோட்டா இல்லை என்று இரண்டு தடவை நிச்சயப்படுத்திக்கொண்டுதான்) சுருள் சுருளாகக் கோடுகள் தெரியும். குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு, சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. ஏன் சுழல வேண்டும்? பம்பரம் சுற்றுகிற வரையில்தானே நிமிர்ந்து நிற்கிறது! அதே நியாயம்தான். சுழலாத குண்டு காற்றில் தலைகுப்புற உருளும். 'ரைபிள்' என்ற பெயரே அந்தச் சுருள் கோட்டால் வந்ததுதான்.

நெற்றியில் ஒரு பிறை

இப்போது தலையில் இருக்கும் குழாய்க்கு வருவோம். அது ஒரு சிறிய தூரதரிசினி. இரு முனையிலும் கண்ணாடி வில்லைகள்; நடுவில் பிம்பத்தை நிமிர்த்த வேறு வில்லைகள்; ஒரு சிலுவைக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பழைய காலத்தில் தலைமயிரையும் சிலந்தி நூலையும் உபயோகித்திருக்கிறார்கள். சிலந்தி நூல் மெல்லியது, உறுதியானது, வெயிலுக்கும் குளிருக்கும் சுலபமாகத் தளராதது.

ஸ்வீடன் ரைபிளில் இதைப் பொருத்துவதில் ஒரு வேடிக்கையான சங்கடம் உண்டு. பழைய ராணுவ மாதிரியில் தாழின் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தாழைத் திறக்க அதை மேலே தூக்க வேண்டுமல்லவா? தூக்கினால் நேரே போய்க் குழாயில் இடிக்கும்! கட்டிலுக்கு மேலே பரண் கட்டிவிட்டு, எழுந்திருக்கும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்வது மாதிரி. அதனால் கைப்பிடியைக் காய்ச்சிக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். 1941-ல் ஸ்வீடன் ராணுவமே பொறுக்கி எடுத்த துப்பாக்கிகளுக்குத் தூரதரிசினி மாட்டியபோது இப்படித்தான் வளைத்தது. காய்ச்சும்போது உஷ்ணம் அந்த எஃகுக் காதுகள் வரை பரவினால் அவை பதம் இழந்துவிடும். பிறகு துப்பாக்கி யாரைச் சுடும் என்று சொல்ல முடியாது. ஈரத் துணி சுற்றிக்கொண்டு, கைதேர்ந்த கருமான் செய்ய வேண்டிய வேலை. அடுத்தபடி, தாழ்க்கூட்டின் தலையில் துளை போட்டு, மரை வெட்டி, அடித்தகடு பதிக்க வேண்டும். துளை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் குழாய் ஒரு திசையும் துப்பாக்கி ஒரு திசையும் பார்க்கும். நல்ல பழைய துப்பாக்கியில் துளை போடுவதைக் கண்டால் பழம்பொருள் பிரியர்கள் கண்ணீர் விடுவார்கள். பாட்டியின் காசுமாலையை உருக்கி நெக்லஸ் பண்ணுவதைப் பார்ப்பது போல.

தகட்டின் மேல் இரண்டு வளையங்கள்; வளையத்துக்குள் குழாய். எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்பதில் கண்ணின் கௌரவமே இருக்கிறது. கண்ணுக்கும் பின் வில்லைக்கும் நடுவே மூன்று நான்கு அங்குலம் இடம் வேண்டும். துப்பாக்கி உதைத்துப் பின்வாங்கும்போது அந்த இடம் போதவில்லை என்றால், குழாயின் விளிம்பு புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு பொட்டு வைத்துவிடும். வேட்டைக்காரர்களில் அந்தப் பொட்டு வாங்காத அவசரக்காரர் குறைவு.

பிறகு குறி சேர்ப்பது. தாழைக் கழற்றி எடுத்துவிட்டுக் குழலின் பின்பக்கமாகப் பார்த்தால் தூரத்தில் ஓர் இலக்கு வட்டமாகத் தெரியும். துப்பாக்கியை அசைக்காமல், தூரதரிசினியின் திருகைத் திருப்பிச் சிலுவைக் கோட்டையும் அதே இலக்கில் நிறுத்துவார்கள். அது நிச்சயதார்த்தம் மாதிரி; கல்யாணம் இனிமேல்தான். நூறு கஜத்தில் ஒரு காகிதம் வைத்து, மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, மூன்று குண்டு. மூன்றும் ஓரிடத்தில் கூடி விழுந்தால் துப்பாக்கி நல்லது. அந்த இடம் நடுப்புள்ளியாக இல்லாவிட்டால் திருகைச் 'சொடக் சொடக்' என்று திருப்பி நகர்த்த வேண்டும். பல தூரதரிசினிகளில் ஒரு சொடக்கு என்பது நூறு கஜத்தில் கால் அங்குலம். மூன்று குண்டும் மூன்று மூலையில் விழுந்தால் திருகில் கைவைத்துப் பிரயோஜனமில்லை. எங்கேயோ ஒரு மரை தளர்ந்திருக்கிறது, அல்லது சுடுகிறவரின் கை.

குண்டு நேர்க்கோட்டில் போகும் என்று நினைக்கிறோமே, அதுவும் இல்லை. வினாடிக்கு 2,500 அடி வேகத்தில் போனாலும் பூமி அதை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நூறு கஜம் போவதற்குள் ஏறக்குறைய மூன்று அங்குலம் கீழே இறங்கிவிடும். அதற்காகத்தான் குழலின் மூக்கைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே தூக்கி வைத்து, பார்வைக் கோடும் குண்டின் பாதையும் சொன்ன இடத்தில் சந்திக்கும்படி செய்கிறார்கள்.

நூறு கஜம் என்றேனே, அந்த அளவு இந்தச் சீமைக்குப் புதிதல்ல.

பெரிய மருதுவின் விருந்தாளிகள்

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குப் போகிறவர்கள், தொல்லியல் துறை வைத்திருக்கும் பழைய ஆயுதங்களைப் பார்க்கலாம். பிறை போல வளைந்த வளரி என்ற எறிபடை இந்த மண்ணுக்கே உரியது. மரத்தாலும் இரும்பாலும் செய்வார்கள். தந்தத்தால் செய்த வளரி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முயல், கவுதாரி வேட்டைக்கும் அதுதான், யுத்தத்துக்கும் அதுதான். வெல்ஷ் என்ற கும்பெனி ராணுவ அதிகாரி 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், தேர்ந்த கை எறிந்தால் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தவறாது என்கிறார். அவருக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? சிவகங்கைச் சின்ன மருது! தூரதரிசினி கிடையாது, சொடக்கு கிடையாது, கண்ணும் தோளும்தான்.

அண்ணன் பெரிய மருதுவைப் பற்றி வெல்ஷ் எழுதியிருப்பது இன்னும் சுவாரஸ்யம். ராஜாங்கக் காரியங்களைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வேட்டையே வாழ்வாக இருந்தாராம். ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரலால் வளைத்துவிடுவார் என்று ஜனங்கள் சொல்வார்களாம். தஞ்சாவூர், திருச்சி, மதுரையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு வேட்டை இறைச்சி வேண்டுமென்றால் அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினால் போதும். வேட்டைக்கே வர ஆசைப்பட்டால் கூட்டிப் போவதும் அவர்தான். துரைமார்கள் துப்பாக்கியோடு நிற்க, ஈட்டிக்காரர்கள் சூழ்ந்து காவல் நிற்பார்கள். துரைமார்களின் குண்டு தப்பிப் புலி மேலே பாய்ந்தால், எதிர்கொண்டு முடிப்பதற்குப் பெரிய மருது பக்கத்தில் தயாராக நிற்பார்.

ஐந்தாறு வருஷங்கள்தான் கடந்தன. 1801-ல் காளையார்கோயில் காட்டைக் கும்பெனிப் படை வெட்டிக்கொண்டு முன்னேறியது. வேட்டைக்கு வழிகாட்டியவர்களையே அந்தக் காட்டில் வேட்டையாடினார்கள். அந்த ஒப்புமை என்னுடையதல்ல. கூட இருந்து துரத்திய வெல்ஷே மனம் கசந்து எழுதியது. தொடை முறிந்த நிலையில் பிடிபட்ட சின்ன மருதுவைச் சிறையில் அவர் பார்த்திருக்கிறார். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரில் பாளையச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. வளரி எத்தனை ஆயிரம் பறிபோயிற்றோ! பின்னர் 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து, துப்பாக்கி என்பது துரைத்தனம் பார்த்து லைசென்ஸ் கொடுக்கிறவர்களின் அந்தஸ்து அடையாளமாயிற்று. ஜமீன்தார் வீட்டு ஹாலில் மான் தலையும் துப்பாக்கியும் தொங்கியதன் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

பீரோவில் கிடைத்தால்

வேட்டை முடிந்துபோன விஷயம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கிச் சில பிராணிகளைச் சுடலாம் என்று அதில் விட்டிருந்த இடைவெளியையும் 1991-ல் திருத்தி அடைத்துவிட்டார்கள். 1980-களின் நடுவிலிருந்து தனி மனிதர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதும் நின்றது; போட்டிகளில் சுடும் வீரர்களுக்குத்தான் விலக்கு. ஆகையால் இங்கே ஒரு வீட்டில் ஸ்வீடன் ரைபிள் இருக்கிறதென்றால் பெரும்பாலும் அது தாத்தா காலத்துச் சரக்கு.

லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது. அவரோடு அது போயிற்று. இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நகையைப் போல, நிலத்தைப் போலத் துப்பாக்கி தானாக வாரிசின் கைக்கு வருவதில்லை. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ்தாரர் காலமானால் தாமதமின்றி அதைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்தால் போயிற்று என்று பயப்பட வேண்டாம்; சொத்துரிமை போவதில்லை. வாரிசு தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டுக் கலெக்டருக்கு மனுச் செய்யலாம். வேண்டாமென்றால் லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். விதித்த கெடுவுக்குள் இரண்டும் செய்யாவிட்டால் சர்க்காருக்குப் போய்ச் சேரும். தாத்தா உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது தாண்டியவரானால், வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்க 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. அது மிகவும் சௌகரியம். துக்க வீட்டில் அலைய வேண்டியதில்லை. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கண்டெடுத்த அன்றைக்கு விசையைத் தொடாதீர்கள். தாழை இழுத்துப் பார்க்கிற ஆசையும் வேண்டாம். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல் பூட்டிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு முதலில் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி நடப்பது உத்தமம். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்! பக்கத்தில் கிடக்கும் பழைய தோட்டா டப்பாவையும் மறக்கக் கூடாது. தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். சுவரில் மான் தலையோ புலித் தோலோ இருந்தால் அது வேறு சட்டம். வனத்துறையின் உரிமைச் சான்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வாரிசுக்கு வரலாமே தவிர, அதை விற்கவோ சிநேகிதிக்குக் கொடுக்கவோ முடியாது.

குறி பார்க்கும் கலை நம் பெண்களுக்கு வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜனைரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியால் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். அந்தப் போட்டியில் பெரிதாக்கிக் காட்டும் தூரதரிசினிக்கு அனுமதியே கிடையாது. துளை வழியே பார்த்துத்தான் சுட வேண்டும். பத்து மீட்டரில் வைத்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்! அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணுக்கு இது எட்டாத வித்தை இல்லை.

குழாய் மட்டும்

துப்பாக்கி போனாலும் தூரதரிசினி நல்ல வஸ்துதான். ஆனால் நம் கடற்கரை அதற்குச் சத்துரு. இராமேசுவரத்து உப்புக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் எஃகைத் துருவாக்கும். வில்லைக்குள் ஈரம் புகுந்தால் வெண்மையாகப் பூஞ்சை படரும். காமிரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். நல்ல தூரதரிசினிகளில் உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்து மூடுவது ஈரத்தைத் தடுக்கத்தான். தோல் உறையில் போட்டு வைப்பது மகா தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி அதன் மேலேயே வைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது இந்த ஜில்லாவில் தூரதரிசினிக்கு வேலை அதிகம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று கண்மாய்க் கண்மாயாகப் பறவைச் சரணாலயங்கள். வடகிழக்குப் பருவ மழையில் கண்மாய் நிறைந்தால் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கும். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சார் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. பழைய ஜில்லாவில் இருந்த வேட்டங்குடி 1977-லேயே சரணாலயமாயிற்று. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரிய மருது தூக்கிலேறிய அந்தத் திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர் இது.

தனுஷ்கோடிப் பக்கம் தேங்கும் உவர்நீரில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 2025 ஜூன் 5-ஆம் தேதி தமிழக அரசு அந்தப் பகுதியில் 524 ஹெக்டேருக்குச் சற்று மேலான இடத்தைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ராமேசுவரம் தரிசனத்துக்குப் போகிறவர்கள், பனிக்காலத்தில் போகிறதானால், தனுஷ்கோடிச் சாலையில் காலை வெயில் ஏறுவதற்குள் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கையில் இருப்பது நாலு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் போதும். அதிகம் பெரிதாக்கினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். காரின் கூரையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பாருங்கள். பறவைகள் தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து இரை வடிகட்டுவது நன்றாகத் தெரியும்.